பதினேழு நாள் மூட்டம்

அப்பாவின் பித்தக்குழாயில் வந்த புற்றுநோயை அறுத்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குழாய் அடைபட்டு உடம்பெல்லாம் மஞ்சளாகியிருந்தது. "தார் பழுத்துருச்சு பாப்பா, இனி வெட்ட வேண்டியதுதான்" என்று அவரே சிரித்தார். தொட்டியத்தில் ஆயுள் முழுக்க வாழை போட்டவர்.

ஒளி சிகிச்சை செய்தார்கள். நரம்பில் ஒரு மருந்து ஏற்றி, இரண்டு நாள் கழித்து வாய்வழியே குழாய் விட்டு, கட்டி இருக்கும் இடத்தில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். நோய் தீராது. அடைப்பு குறையும், அரிப்பு அடங்கும், சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம். அந்த மாதங்களில் அப்பாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த வருடம் நட்ட வாழை குலை தள்ளுவதைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். அப்பா மறித்தார். "தாளைக் குடுங்கம்மா, எம்பொண்ணு காலேஜ் படிச்சவ."

"நான் படிச்சுக்கிறேங்க" என்றேன் நானும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மருந்து உடம்பில் இருக்கும்வரை வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், ஜன்னல் அருகே உட்காரக்கூடாது, பளீரென்ற விளக்கு கூடாது என்று போட்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உள்ளறையை அன்றே அடைத்தேன். எங்கள் ஊரில் வாழைத்தாரைப் பழுக்க வைக்க, வெளிச்சம் புகாமல் அறையை அடைத்து மூட்டம் போடுவார்கள். அதே மாதிரி ஜன்னலில் சாக்கு, கதவிடுக்கில் பழந்துணி. பல்பைக் கழற்றி வைத்தேன். தாளைக் கதவில் பசை தடவி ஒட்டினேன், யார் வந்தாலும் தெரியட்டும் என்று.

அம்மா தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருந்தாள். நான் வெளியறையில் ஆபீஸ் வேலை பார்த்தேன். சோறு ஊட்டும்போதும் இருட்டுதான். கை தடவி வாயைக் கண்டுபிடிப்பேன்.

"வெளியில வெயில் எப்படி பாப்பா?"

"சுள்ளுன்னு அடிக்குதுப்பா."

"வாழை வாடிருமே. தண்ணி விட்டாளா உங்கம்மா?"

"விட்டாச்சாம்."

"சரி, என்னை எப்ப மூட்டத்துலேர்ந்து எறக்குவ?"

பதினேழாம் நாள் மதியம் அந்த நர்ஸ் போன் செய்தார். "அப்பா எப்படி இருக்காருங்க? டிவி பாக்குறாரா?"

"இல்லைங்க சிஸ்டர், ஒரு பொட்டு வெளிச்சம் விடல." பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"ஐயையோ, இருட்டுலயா வச்சிருக்கீங்க? வெயில்தாங்க ஆகாது. ரூம்ல சாதாரண லைட் எரியணும். அந்த வெளிச்சத்துலதான் தோல்ல இருக்குற மருந்து மெல்ல மெல்லக் கரையும். தாளுக்குப் பின்பக்கம் இருக்கே, பாக்கலையா?"

கதவிலிருந்து தாளை உரித்தேன். பாதி கிழிந்து வந்தது. பின்பக்கத்தில், பசைக்கு அடியில், முதல் வரியே அதுதான்.

பல்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். அப்பா இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து விரலிடுக்கு வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"நான் ஒழுங்கா படிக்கலப்பா." அழுதுவிட்டேன்.

"போகுது விடு. எங்கிட்ட குடுத்திருந்தா முன்பக்கமும் தெரிஞ்சிருக்காது."

வெயிலில் போக டாக்டர் மேலும் சில வாரம் பொறுக்கச் சொன்னார். பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, நிழல் விழும் பக்கமாக உட்கார்ந்து ஊருக்குப் போனோம். ஆறேழு மரம் குலை தள்ளியிருந்தது. அப்பா ஒவ்வொன்றின் கீழும் நின்று அண்ணாந்து பார்த்தார். அந்தத் தார்கள் வெட்டுக்கு வரும் முன்பே அவர் போய்விட்டார்.

அவர் கேட்டது கிடைத்தது என்று எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். உண்மைதான். எனக்கு வேண்டியிருப்பது வேறு. அந்தப் பதினேழு நாளில் ஒரு நாள் திரும்ப வேண்டும். நாற்பது ரூபாய் பல்பின் கீழே தட்டில் சோறு பிசைந்து, அவர் வாய் திறப்பதைப் பார்த்தே ஊட்ட வேண்டும். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.