ஏழு குடைக்கு மருந்து

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுவதற்குள் சிரித்து முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

இன்று காலை என் மனைவி வீட்டிலிருந்த குடைகளையெல்லாம் கூடத்தில் வரிசையாக வைத்தாள். "இருக்கிறது ரெண்டு தலை, ஏழு குடை. இதுக்குப் பேரு என்னங்க?"

"முன்யோசனை" என்றேன்.

"கிறுக்கு" என்றாள்.

நடுவர் வேண்டுமே என்று ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரசர் தம்பியிடம் போனேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இது மேனியா, வாங்குற கிறுக்கு, அண்ணே. எது மேல ஆசை வந்தாலும் நோட்டுல அதோட பேரை எழுதுங்க. ஒரு ராத்திரி பொறுத்து வாங்குங்க."

நல்ல மருந்துதான், ஆனால் என்னிடம் நோட்டு இல்லை. குளுவாங் ஸ்டேஷன் எதிரே இருக்கும் சீனர் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே சிவப்பு அட்டை நோட்டைக் காட்டினார். பக்கத்திலேயே நீலமும் இருந்தது. இரண்டையும் எடுத்தேன். எழுதப் பென்சில் வேண்டாமா? ஒரு டஜன்.

திரும்பினால் மூலையில் டிரசர். காதுக்கு ஒன்றாக இரண்டு அலாரக் கடிகாரங்களை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுல ஏற்கனவே நாலு ஓடுதே, தம்பி?"

"அது சேகரிப்பு, அண்ணே" என்றார், கடிகாரத்தை இறக்காமலே.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஏழில் ஒன்றைக்கூட நான் கொண்டுவரவில்லை. சிவப்பு நோட்டின் முதல் பக்கத்தில் 'குடை' என்று ஒழுங்காக எழுதினேன். ஒரு ராத்திரி பொறுக்கத்தான் மழை விடவில்லை.

வீட்டுக்குப் போவதற்குள் எட்டாவது குடைக்கு எனக்கு ஒரு நல்ல பேர் வேண்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள். பென்சில் இல்லாதவர்கள் என்னிடம் கேட்கலாம்.