பொன்னாடை போர்த்திய கார்

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலமை. லண்டன் நோர்த் சேர்க்குலர் ரோட்டில, ஹாங்கர் லேனுக்குக் கிட்ட, கலியாணப் பொம்பிளையை ஏத்திக்கொண்டு போன எங்கட கார் புகைஞ்சுகொண்டு நிண்டுபோச்சு. முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்த ரோட்டோரத்தில நடந்ததைத்தான் சொல்லப்போறன்.

முதல்ல காரைப் பற்றிச் சொல்லவேணும். பேர் சொல்லத் தேவையில்லை. ஜேர்மன் கார், மூக்கில மூண்டு முனை நட்சத்திரம் நிக்கும். அந்த நேரம் லண்டனில எங்கட ஆக்களின்ர கலியாணமெண்டால் பொம்பிளை மாப்பிள்ளை அதிலதான் வந்து இறங்கவேணும். சாப்பாட்டில உப்புக் குறைஞ்சால் சனம் மன்னிக்கும், கார் சோடை போனால் மன்னிக்காது. வேற நல்ல கார் இல்லாமலில்லை. ஆனால் ஊரில மந்திரிமாரும் பெரிய டொக்டர்மாரும் வைச்சிருந்த கார் இது. நாங்கள் பத்துப் பேர் ஒரு பழைய இங்கிலீஸ் காருக்குள்ள நெரிபட்டுப் போகேக்க, எங்களை விலத்திக்கொண்டு சத்தமில்லாமல் போன கார். அகதியா வந்து பெற்றோல் ஷெட்டில ஷிப்ட் செய்தவனுக்கு அதில ஒருக்கா ஏறி இருந்தால் போதும், தானும் ஒராள் எண்ட நினைப்பு வந்திடும். அந்தக் காரின்ர மாயம் அதுதான், வேறொண்டுமில்லை.

இவர், அதாவது என்ர மனுசன், வால்தம்ஸ்டோவில பலசரக்குக் கடை வைச்சிருந்தவர். கடை கொஞ்சம் கால் ஊண்டினதும் வெள்ளை நிறத்தில பழசு ஒண்டு வாங்கினார். அண்டையோட எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டு ஒண்டு இல்லாமல் போச்சுது. "அண்ணை, உங்கட காரை ஒருக்கா..." எண்டு ஆராவது வந்து நிப்பினம். இவர் மற்றவையின்ர கையில கார்த் திறப்பைக் குடுக்கமாட்டார். வேட்டி சால்வையோட தானே ஓடிக்கொண்டு போவார். கூலி வாங்கமாட்டார், பலகாரப் பெட்டியும் சனத்தின்ர புகழ்ச்சியும் போதும். எனக்கும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அந்தக் காரைத் துடைக்க மட்டும்தான் எனக்கு அனுமதி. "உமக்கு உது பாரம்" எண்டுவார். பாரமாம்! கடையில அரிசி மூட்டை இழுக்கேக்க பாரமில்லை, ஸ்டியரிங் மட்டும் பாரம்.

மண்டப வாசலில கார் நிண்டால் சனம் சுத்தி வரும். உடன இவர் பிரசங்கத்தைத் தொடங்கிடுவார். "ஏன் மூண்டு முனை எண்டு தெரியுமோ? ஒண்டு நிலம், ஒண்டு கடல், ஒண்டு ஆகாயம். மூண்டிலயும் தங்கட எஞ்சின் ஓடவேணும் எண்டு ஜேர்மன்காரன் போட்ட திட்டம்!" சொல்லிச் சொல்லி நட்சத்திரத்தின்ர ஒவ்வொரு முனையையும் விரலால தொட்டுக் காட்டுவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

எனக்குப் பிடிச்ச கதை வேற. லைப்ரரியில அந்தக் கம்பனியின்ர சரித்திரப் புத்தகம் ஒண்டு எடுத்து வாசிச்சனான். முதல் கார் செய்த மனுசனுக்கு அதைத் தூர இடம் கொண்டுபோகத் துணிவில்லையாம். அவற்ற மனுசி ஒருநாள் விடியக் காலமை, அவருக்குச் சொல்லாமல், ரெண்டு மகன்மாரையும் ஏத்திக்கொண்டு தன்ர தாய் வீட்டுக்கு வெளிக்கிட்டிட்டா. காரில ஆரும் அவ்வளவு தூரம் போகாத காலம். எண்ணெய் முடிய, மருந்துக்கடையில வாங்கி ஊத்தினவ. குழாய் அடைக்க, தொப்பியில குத்துற ஊசியால கிண்டி எடுத்தவ. எஞ்சின் கொதிக்கக் கொதிக்க, கண்ட கண்ட கிணத்திலயும் வாய்க்காலிலயும் தண்ணி அள்ளி ஊத்தி ஊத்திப் போய்ச் சேர்ந்தவ. அதுக்குப் பிறகுதான் சனம் காரை நம்பினதாம். அதே காலத்தில, கொஞ்சத் தூரத்தில, இன்னொருத்தரும் தன்பாட்டில கார் செய்துகொண்டு இருந்தவர். அந்த ரெண்டாவது ஆளின்ர கம்பனிக் காரை வித்த யாவாரி அதுக்குத் தன்ர மகளின்ர பேரை வைச்சார். பிறகு ரெண்டு கம்பனியும் ஒண்டாச்சுது. ஆக, முதல்ல ஓடிக் காட்டினது ஒரு பொம்பிளை, பேர் ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர. இதை இவருக்குச் சொன்னால், "ஓம் ஓம், ஒரு தேத்தண்ணி போடும்" எண்டுவார்.

அந்தப் புத்தகத்தில யுத்தகாலத்தைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்திட்டு விட்டிட்டன். யுத்தத்தை நாங்கள் புத்தகத்தில வாசிச்சோ அறியவேணும்?

கலியாணப் பொம்பிளை இவற்ற ஒண்டுவிட்ட தமக்கையின்ர மகள். தாய் தேப்பன் யாழ்ப்பாணத்தில, வர வழியில்லை. நாங்கள்தான் தாய் தேப்பன் ஸ்தானத்தில நிண்டு கலியாணத்தைச் செய்து வைக்கிறம். பிள்ளை தனியா, பல நாடு சுத்தி வந்து சேர்ந்தது. அதிகம் கதைக்காது. மாப்பிள்ளை தங்கமான பெடியன். அவற்ற தாய்தான் ஒரு மாதிரி. சகுனம், ராசி, பலன் எண்டு வாய் ஓயாது. ராகுகாலம் பார்க்காமல் பால் வாங்கவும் போகாத ஆள். முகூர்த்தம் தப்பினால் கார் பழுதாப்போச்சு எண்டு அவ சொல்லமாட்டா, பொம்பிளையின்ர ராசி சரியில்லை எண்டுதான் சொல்லுவா. அந்தச் சொல்லு ஒருக்கா ஒட்டினால், எத்தினை பிள்ளை பெத்தாலும் எத்தினை வீடு வாங்கினாலும் கழுவுப்படாது. எங்கட சனத்தை எனக்குத் தெரியாதே?

இவருக்கு அண்டைக்குக் கால் நிலத்தில படேல்லை. ஃபாரஸ்ட் கேட் பூக்கடையில சொல்லி, தேர் வடம் தடிப்பில ஒரு பூமாலை கட்டுவிச்சார். அது போதாதெண்டு சரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒண்டும் எடுத்துவந்தார். பெரிய மனுசரை மேடையில ஏத்திப் போர்த்துவினமே, அதேதான். நட்சத்திரத்துக்குக் கீழ இருக்கிற கம்பிச் சல்லடை முழுக்க மூடுப்பட அதை இழுத்துக் கட்டி, அதுக்கு மேல மாலையையும் போட்டார்.

"எத்தினை பேற்ற கலியாணத்துக்கு ஓடின கார், இதுக்கும் ஒரு மரியாதை வேண்டாமோ?" எண்டு கேட்டார்.

நானும் பார்த்தன். பொய் சொல்லக்கூடாது, வடிவாத்தான் இருந்தது. மற்ற ஆக்களெல்லாம் வான் ஒண்டில முன்னுக்குப் போயிட்டினம். இவரும் நானும் பிள்ளையும் பின்னால வெளிக்கிட்டம். மண்டபம் வெஸ்ட் ஈலிங்கில. லண்டனின்ர ஒரு கரையிலயிருந்து மற்றக் கரைக்குப் போகவேணும்.

அண்டைக்கெண்டு பார்த்துச் சரியான வெயில். வெம்பிளியைத் தாண்டினால் ரோட்டு வேலை நடக்குது, வாகனங்கள் ஊர்ந்துகொண்டு போகுது. சூடு காட்டுற முள்ளு மெல்ல மெல்ல ஏறுறதை நான் கண்டன்.

"இஞ்சருங்கோ, உந்த முள்ளு மேல போகுது."

"சும்மா இரும். ஜேர்மன்காரன் செய்தது, உது கொதிக்காது."

அவர் சொல்லி வாய் மூடேல்லை, பொன்னாடைக்குள்ளால ஆவி கிளம்பிச்சுது. சாம்பிராணி போட்டமாதிரிக் குபுகுபு எண்டு வந்தது. கோதாரி! இவர் ஒருமாதிரி ஓரத்துக்கு எடுத்து நிப்பாட்டினார். இப்பமாதிரி ஆளுக்கொரு போன் கையில இல்லாத காலம். அந்த ரோட்டில டாக்ஸியும் வராது, பஸ்ஸில பொம்பிளையைக் கொண்டுபோகவும் ஏலாது. பிள்ளை பின் சீட்டில கையைக் கோத்துக்கொண்டு, நேர பார்த்தபடி இருந்தது. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

இவர் விழுந்தடிச்சு இறங்கி, முன்மூடியைத் தூக்கிப்போட்டு, தண்ணி ஊத்திற மூடியைத் திறக்கக் கையை வைக்கப்போனார்.

"கையை எடுங்கோ! வெந்துபோவியள்!" எண்டு கத்தினன். கலியாணம் கட்டி அத்தினை வருசத்தில நான் இவரைப் பார்த்துக் கத்தினது அண்டைக்குத்தான். "முதல்ல உந்தப் பொன்னாடையை அவிழுங்கோ. மூக்கைப் பொத்தினால் ஆருக்கும் மூச்சு முட்டும்தானே."

இவர் பொன்னாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாலையைக் கழட்டி வைச்சிட்டு அதை அவிழ்த்தார். மரியாதை செய்யப்போய்க் காரின்ர கழுத்தை நெரிச்சுப்போட்டம் எண்டு அப்பதான் ரெண்டுபேருக்கும் விளங்கிச்சுது.

பக்கத்து வீட்டு முன்வளவில ஒரு வெள்ளைக்கார மனுசி ரோசாவுக்குப் பூவாளியால தண்ணி விட்டுக்கொண்டு நிண்டா. எழுபது வயது தாண்டியிருக்கும். நான் போய், காருக்குத் தண்ணி வேணும், உள்ள கலியாணப் பொம்பிளை இருக்கிறா எண்டு சொன்னன். அவ எட்டிப் பார்த்தா. முதல்ல உள்ள போய்ப் பிள்ளைக்கு ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து ஜன்னலால குடுத்தா. பேந்துதான் பூவாளியை நிரப்பிக்கொண்டு காரடிக்கு வந்தா.

ஆனால் எஞ்சின் கொஞ்சம் ஆறுமட்டும் பொறுக்கவேணும். கொதிக்கிற எஞ்சினில பச்சைத் தண்ணியை ஊத்தினால் வெடிச்சுப்போகும். இவருக்குப் பதட்டம் வந்தால் கதை கூடும். கார் நடுவழியில நிண்ட வெக்கம் வேற. அந்த மனுசிக்கு இங்கிலீசில தொடங்கிட்டார். இது லேசுப்பட்ட கார் இல்லையாம், ஒருநாளும் நிண்டதில்லையாம், இந்த நட்சத்திரத்துக்கு ஒரு அர்த்தம் இருக்காம். "ஒண்டு நிலம், ஒண்டு கடல்..." எண்டு விரலால தொட்டுக்கொண்டு போறார்.

மூண்டாவது முனையை அவர் தொட முந்தி அந்த மனுசி சொன்னா, "மூண்டாவது எனக்குத் தெரியும்."

குரலில கோபமில்லை. நேரம் கேட்டால் சொல்லுறமாதிரித்தான் சொன்னா. பிறகு அந்த வீட்டு வரிசையில கொஞ்சம் தள்ளிக் கையைக் காட்டினா. மற்ற வீடெல்லாம் பழைய செங்கல், அது மட்டும் வேற நிறம், பிறகு கட்டின வீடு.

"எங்கட வீடு அங்கதான் இருந்தது. என்ர தங்கச்சி உள்ள படுத்திருந்தவ. யுத்தகாலம் இஞ்ச குண்டு போட வந்த பிளேன்களுக்கு உந்த ஆக்களும் எஞ்சின் செய்தவை எண்டு என்ர மனுசன் சொல்லுவார். உயிரோட இருந்தமட்டும், உந்தக் கார் ரோட்டால போனால் மற்றப் பக்கம் திரும்பிடுவார்."

இவற்ற விரல் அந்தரத்தில நிண்டுது. மன்னிப்புக் கேக்கிறதோ? நாங்கள் என்ன செய்தனாங்கள்? ஒரு காரை வாங்கினனாங்கள், அவ்வளவுதான்.

அப்ப பின் சீட்டிலயிருந்து பிள்ளையின்ர குரல் கேட்டுது. அது இங்கிலீசில வாய் திறந்து நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

"என்ர தம்பியும்" எண்டிச்சுது. "பிளேன்."

எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. பங்கருக்குள்ள இறங்க முந்தி குண்டு விழுந்திட்டுது. ஆனால் கலியாணம் பேசின நாளிலயிருந்து எங்கட வீட்டில ஒருத்தரும் அந்தப் பெடியன்ர கதையை எடுக்கேல்லை. நல்ல காரியம் நடக்கேக்க அபசகுனமாம். பிள்ளையும் எங்களோட சேர்ந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்குது.

அந்த மனுசி ஜன்னலடிக்குப் போனா. "அங்க இப்பவும் பிளேன் வருதோ?" எண்டு கேட்டா.

"ஓம்" எண்டு பிள்ளை தமிழிலதான் சொல்லிச்சுது. அவவுக்கு விளங்கிச்சுது.

பேந்து அவ திரும்பி வந்து பூவாளியைத் தூக்கினா. இவர் பொன்னாடையை மடிச்சு, அதால பிடிச்சுப் பதனமா மூடியைத் திறந்தார். அண்டைக்கு அந்தப் பொன்னாடையால கிடைச்ச ஒரே பிரயோசனம் அதுதான். நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைச்சிருந்தன். அந்த மனுசி ரோசாவுக்கு விடுறமாதிரியே, கொஞ்சம் விட்டு, நிப்பாட்டி, பிறகும் கொஞ்சம் விட்டு, ஆறுதலா ஊத்தினா. முடிய, உள்ள போய்த் திருப்பி நிரப்பிக்கொண்டு வந்தா. இவர் பூவாளியை வாங்கக் கை நீட்டினார். அவ குடுக்கேல்லை. எனக்குப் புத்தகத்தில வாசிச்ச மனுசியின்ர ஞாபகம் வந்தது. அவ தன்ர மனுசன் செய்த காருக்குத் தண்ணி ஊத்தினவ. இவ ஆரின்ர காருக்கு ஊத்துறா?

முள்ளு கீழ இறங்கிச்சுது. இவர் மூடியைப் பூட்டிப்போட்டு என்னட்ட வந்து, "இஞ்சரும், இனி நீர் காரை ஓடும்" எண்டார். சொல்லிப்போட்டு முன்மூடியைச் சாத்தப் போனார்.

மாலையைத் திருப்பிக் கட்ட நேரமுமில்லை, மனமுமில்லை. "மாமி, அதை அவவிட்டக் குடுங்கோ" எண்டிச்சுது பிள்ளை. குடுத்தன். அந்தத் தடிச்ச மாலையை ரெண்டு கையாலயும் வாங்கி, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிண்டா அந்த மனுசி.

எஞ்சின் திருப்பிக் கொதிக்காமலிருக்க, அந்த வெயிலுக்குள்ள காருக்குள்ள ஹீட்டரை முழுக்கப் போட்டுக்கொண்டு ஓடினன். அப்பிடிச் செய்தால் எஞ்சின்ர சூடு உள்ளுக்கு இழுபடும். பாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வெண்ணெய்மாதிரி ஓடிச்சுது கார். பிள்ளை வியர்வையில நனைஞ்சு, முகத்துப் பவுடரெல்லாம் வழிஞ்சுபோச்சு. மண்டபத்தில இறங்கேக்க முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மாப்பிள்ளையின்ர தாய் வாசலில நிண்டு காரை மேலயும் கீழயும் பார்த்தா.

"என்ன, பொம்பிளைக் கார் ஒரு பூக்கூட இல்லாமல் மொட்டையா வருது?"

"வாற வழியில ஒரு பெரியவவுக்கு மரியாதை செய்திட்டு வாறம்" எண்டன். அவ என்ன நினைச்சாவோ, "அப்ப நல்ல சகுனம்தான்" எண்டு சொல்லிப்போட்டு உள்ள போயிட்டா. கெட்டிமேளம் கேட்டுத் தாலி ஏறினாப்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகாரப் பெட்டியோட அந்த மனுசியைப் பார்க்கப் போனம். இவர் காரை அந்த வீட்டு வாசலில விடேல்லை. ரெண்டு தெரு தள்ளி விட்டிட்டு, வெயிலுக்குள்ள நடந்து வந்தார். மாலை அவவின்ர வாசல் கேற்றில, வாடி வதங்கித் தொங்கிக்கொண்டு இருந்தது. "கழட்ட மனம் வரேல்லை" எண்டா. எங்கட முறுக்கைக் கடிச்சுப் பார்த்திட்டு, தன்ர பல்லுக்கு ஏலாதெண்டு சிரிச்சா. பிளேனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

அந்தக் கார் அதுக்குப் பிறகும் எத்தினையோ கலியாணத்துக்கு ஓடிச்சுது. சில நாள் நானே ஓடினன். இவற்ற பிரசங்கம் மட்டும் நிண்டுபோச்சு. ஆராவது, "மூண்டு முனை என்னத்துக்கண்ணை?" எண்டு கேட்டால், "நிலம், கடல்" எண்டு சொல்லிப்போட்டுச் சால்வையைச் சரி செய்வார்.

இண்டைக்கும் ரோட்டில அந்த நட்சத்திரத்தைக் கண்டால், வடிவான கார் எண்டுதான் எனக்குப் படும். அதோட அந்தப் பூவாளியும் ஞாபகம் வரும். எங்கட ஊருக்கு மேல குண்டு போட்டவன்ர சின்னத்தோட ஒரு வாகனம் ஒருநாள் என்ர வாசலில கொதிச்சுக்கொண்டு நிண்டு, உள்ள ஒரு பொம்பிளை தாகத்தோட இருந்தால், நான் பூவாளியைத் தூக்குவனோ எண்டு அண்டையிலயிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டு இருக்கிறன்.