என் வீட்டுக்காரர் ரத்தத்தில் ஒரு பிறை

கதிர்காமத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரியில் மிஷின் பழுது பார்ப்பவர். கழற்றிப் பார்க்காமல் எந்தப் பொருளையும் நம்ப மாட்டார். எங்கள் மிக்ஸிக்கு இன்றைக்கும் இரண்டு ஸ்க்ரூ கிடையாது. ஆனால் ஜுரம் என்று வந்துவிட்டால் ஆள் குழந்தை. இரண்டு தும்மல் போட்டாலே உயில் எழுதப் போகிறவர் மாதிரி முகம் மாறிவிடும்.

போன வருடம் மிஷின் பொருத்த ஒடிசா போனவர், குளிர்ஜுரத்தோடு திரும்பினார். "மலேரியாதான். நீயே பாத்துச் சொல்லு" என்று லேபுக்கே வந்துவிட்டார். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அதற்குள் அவர் கை நீண்டது.

"இது இன்னா?"

"கண்டென்சர். கீழ இருக்கிற லைட்டைக் குவிச்சி ஸ்லைடு மேல விடும். தொடாதீங்க."

"இந்தப் பெரிய திருகு?"

"ஸ்லைடை மேல கீழ நகத்த. சின்னது, தெளிவாக்க. ஐயோ, தொடாதீங்க. லென்ஸ்ல இடிச்சிட்டா போச்சு."

"எவ்ளோ பெருசாக் காட்டும்?"

"கீழ் லென்ஸ் நூறு மடங்கு. நான் கண்ணு வைக்கிற ஐபீஸ் அதைப் பத்து மடங்காக்கும். மொத்தம் ஆயிரம்."

"அப்ப என் ஜுரமும் ஆயிரம் மடங்காத் தெரியும்."

"அது உங்களுக்கு லென்ஸ் இல்லாமலே தெரியுது."

சிரித்துக்கொண்டேதான் குனிந்தேன். பிறை மாதிரி கறுப்பாக ஒன்று தெரிந்தது. மலேரியாவில் பொல்லாத வகைக் கிருமி அப்படித்தான் வளைந்திருக்கும். ஸ்லைடை நகர்த்தினேன். அங்கேயும் பிறை. இன்னும் நகர்த்தினேன். அங்கேயும். வேறு யார் ரத்தமாக இருந்தாலும் நொடியில் பிடித்திருப்பேன். ஸ்லைடோடு சேர்ந்து நகராத பொருள் ஸ்லைடில் இருக்கவே முடியாது. பன்னிரண்டு வருட அனுபவம் அன்றைக்கு லீவில் போயிருந்தது. பயந்துவிட்டேன். இந்த மனிதர் இல்லாத வீட்டை நினைத்துக்கூடப் பார்த்துவிட்டேன்.

"இன்னா, பேச்சையே காணோம்? இது சுத்துமா?" என்றபடி அவர் ஐபீஸைப் பிடித்துத் திருகினார். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறையும் கூடவே சுற்றியது.

ஐபீஸைக் கழற்றினேன். கண்ணாடியில் மை அப்பிய இமைமுடித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. என்னுடையதுதான். துடைத்துவிட்டு ஸ்லைடு முழுக்க மெதுவாகத் தேடினேன். ஒரு கிருமிகூட இல்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன்.

"நல்லாப் பாத்தியா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.  அவர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

"கண்ணை நல்லாத் தொடைச்சிட்டு அப்புறமா குனி. மறுபடியும் எனக்கு மலேரியா வந்துடப் போவுது."