அக்காள் ஏறாத கார்

பழனிமுத்துவைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிப்போகும். கெட்டவன் இல்லை, வீம்பு பிடித்தவன், அவ்வளவுதான். அந்த வீம்பும் எல்லாவற்றிலும் கிடையாது. குழம்பில் உப்பு இல்லாவிட்டால் வாய் திறக்காமல் தின்றுவிட்டுப் போவான். கூட்டத்தில் காலை மிதித்தவனிடம் "பரவால்லீங்க" என்று அவனே சொல்வான். கார் என்று வந்தால் மட்டும்தான் அவனை ஒருவராலும் அசைக்க முடியாது.

கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கத்தில் பிறந்தவன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, அக்காள் ராமக்காள்தான் தூக்கி வளர்த்தாள். அங்கேயே பக்கத்து ஊரில் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போனபோதும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வாசல்படியைத் தாண்டினாள். மாமியார் முகத்தைச் சுளித்தாளாம். "இவன் வராட்டி நானும் வரல" என்று இவள் வாசலிலேயே நின்றாளாம். வீம்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

மீசை முளைத்ததும் மைசூருக்கு வந்து, சுவருக்கு வர்ணம் அடிக்கிற வேலையில் சேர்ந்தான். சுத்தமான கை. அவன் அடித்த சுவரில் பிரஷ் போன தடம் தெரியாது. மேட்டகள்ளியில் வீடு பிடித்தான். சொந்தத்தில் வடிவைக் கட்டினான். ஒரே மகளைப் பெங்களூருக்குக் கட்டிக் கொடுத்தான். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக மைசூர்க்காரனாகவே ஆகிப்போனான்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போன இடத்தில்தான் அந்தக் காரைப் பார்த்தான். கொட்டகையில் தூசி மூடிக் கிடந்தது. பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த அம்மா, இவன் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "பேக்கு அந்த்ரெ தகோண்டு ஹோகப்பா" என்றாள். வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போ என்று வாயால் சொன்னதுதான். அன்று சாயங்காலமே வேலையாட்களைக் கூட்டிவந்து தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். பூனைக்குட்டிகளையும் சேர்த்து.

துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, தேய்த்து, மறுபடியும் தேய்த்து, மேலே பாலேட்டு நிறமும் கீழே மாவிலைப் பச்சையுமாக அடித்தான். முன்னால் இருந்த வெள்ளிக் கம்பிகளை விபூதி போட்டுத் துலக்குவான். புங்கமரத்தடியில் அது நிற்கிற அழகைப் பார்த்தால் யாருக்கும் கண்ணை எடுக்க மனம் வராது. கல்யாணப் படம் பிடிக்கிறவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிவந்து அதன்மேல் சாய்த்து நிறுத்துவார்கள். நிற்கிற வேலைக்கு அதைப்போல ஒரு கார் மைசூரிலேயே கிடையாது. ஓடச் சொன்னால்தான் வம்பு. மழை பெய்தால் இருமும். வெயில் அடித்தால் கொதிக்கும். இரண்டும் இல்லாத நாளில் காரணமே இல்லாமல் நின்றுபோகும்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் பசவராஜ் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்பான்: "குரு, இது காரா, தேரா? தேருன்னா சொல்லிடுங்க, வடம் கட்டி வருஷத்துக்கு ஒருநாள் இழுத்துக்கலாம்."

"வாய மூடிட்டு வேலயப் பாரு பசவா. பத்து நிமிசத்துல கெளம்பீரும்."

பத்து நிமிஷம் என்பது அவன் வாயில் ஊறிப்போன சொல். அவன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நம்பித்தான் சொன்னான். வர்ணம் அடிக்கிறவனுக்கு மேலே பளபளவென்று இருப்பது உள்ளேயும் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றுமோ என்னவோ.

கார் வந்த புதிதில் அக்காளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். "அக்கா, என்ற காருலயே வந்து உன்னயக் கூட்டிட்டு வந்து தசரா வெளக்கெல்லாம் காட்டறேன். முன்னாடி சீட்டு உனக்குத்தான். வடிவு பின்னால உக்காந்துக்கட்டும்."

ஒவ்வொரு வருஷமும் கிளம்புவான். அங்கே ராமக்காள் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். இங்கே கார் நரசிபுரத்துக்கு முன்னாலோ பின்னாலோ எங்காவது படுத்துவிடும். போன் போட்டுச் சொல்வான். அவள் சிரிப்பாள்.

"ஏன்டா சாமி, நீ காருல வரியா, இல்ல காரு உன்ற மேல ஏறிட்டு வருதா?"

மறுநாள் அவளே பஸ் ஏறி, ஒரு பை நிறைய நிலக்கடலையோடு மேட்டகள்ளியில் வந்து இறங்குவாள். மரத்தடியில் நிற்கிற காரைச் சுற்றிவந்து தடவிப் பார்ப்பாள். "உள்ள உக்காரு அக்கா" என்றால் உட்கார மாட்டாள். "நிக்கற வண்டியில எதுக்குடா உக்கார்றது? ஓடறப்ப ஏறிக்கறேன்" என்பாள். அவளுக்கும் அதே வீம்பு.

வடிவு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "ஒருக்காவாச்சும் பஸ்ல போயி அக்காளப் பாத்துட்டு வாங்க. காரப் பாக்கோணும்னா கேக்கறாங்க? உங்களத்தான பாக்கோணுங்கறாங்க."

"காருல வரேன்னு சொல்லிப்போட்டு பஸ்லயா போயி எறங்கறது? ஊருல நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

இப்படியே வருஷங்கள் போயின. ராமக்காளுக்கு முழங்கால் போய், பஸ் ஏற முடியாமல் ஆனது. அதற்கப்புறம் வெறும் போன் பேச்சுதான்.

தசரா முடிந்து ஊர் அடங்கியிருந்த ஒரு காலையில் அக்காள் மகன் செந்தில்நாதன் கூப்பிட்டான்.

"மாமா... அம்மா எந்திரிக்கலீங் மாமா. காப்பி கொண்டுபோய் எழுப்புனேன். எந்திரிக்கவே இல்லீங்."

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புகுந்த வீட்டில் ஒரு பெண் கண்ணை மூடினால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து அவள்மேல் விழ வேண்டும். கூடப் பிறந்தவன் தன் கையால் போர்த்த வேண்டும். அதற்கு முன்னால் எடுக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய மனிதர் வந்து அவசரப்படுத்தினாலும் எடுக்க மாட்டார்கள். ராமக்காளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இவன் ஒருத்தன்தான்.

கடை திறக்காத நேரம். அக்காளுக்குத் தீபாவளிக்குக் கொடுக்கலாம் என்று வடிவு எடுத்து வைத்திருந்த புதுச்சேலை பெட்டியில் இருந்தது. அதை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், அவன் காரைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். விஷயம் தெரிந்து பசவராஜும் ஓடி வந்திருந்தான்.

"குரு, என் வேன் நிக்குது. நானே ஓட்டிட்டு வரேன். இன்னைக்கு இது பேடா குரு, வேண்டாம்."

"உசுரோட இருக்கைல அவ வாசலுக்கு இந்தக் காரு போகல பசவா. இன்னைக்காவது போகட்டும்."

பசவராஜ் தண்ணீர் ஊற்றினான், ஆயில் பார்த்தான். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. அன்றைக்கென்று அது முரண்டு பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நரசிபுரம் வரைக்கும் தேன் மாதிரி ஓடியது. ஆற்றுப் பாலத்தில் போகும்போது எதிரே பைக்கில் வந்தவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். பழனிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினான். மூகூர் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற இடத்தில், பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. கார் இரண்டு குலுக்குக் குலுக்கி ஓரமாக நின்றது.

தண்ணீர் ஊற்றினான். ஆறட்டும் என்று நின்றான். வடிவு பையை மடியில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே காலைப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். கொள்ளேகால் பஸ் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. செந்தில்நாதன் கூப்பிட்டான்.

"எங்கீங் மாமா வந்துட்டிருக்கீங்? மேக்கால மழை கட்டீருக்குதுங். குழி வெட்டியாச்சு. தண்ணி நின்னுச்சுன்னா சிரமமுங்."

"வந்துட்டேன் கண்ணு. பத்து நிமிசம்."

வடிவு எழுந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுரோட்டில் போய் நின்று கையை நீட்டி அடுத்த பஸ்ஸை நிறுத்திவிட்டாள்.

"வாங்க. ஏறுங்க."

"வடிவு, வண்டியப் பாரு, கதவுப் பூட்டுக்கூட விழாது. இப்புடியே போட்டுட்டு..."

"போட்டுட்டு வாங்க! செத்துக் கெடக்கறது உங்க அக்கா. இந்த வண்டியா உங்களத் தூக்கி வளத்துச்சு?"

கண்டக்டர் கன்னடத்தில் அதட்டினான். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களின் கண் அவன்மேல் நிற்காமல் காரின்மேல் போய் நின்றது.

"நீ கோடியக் கொண்டு போ. பின்னாலயே வந்தர்றேன். நான் வந்துதான் போத்தோணும், சொல்லி வை."

வடிவு ஏறினாள். பஸ் போய்விட்டது.

அது கண்ணுக்கு மறைந்த கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பிற்று. பழனிமுத்துவுக்கு உடம்பில் உயிர் வந்தது. விரட்டிக்கொண்டு போனான். கொள்ளேகாலுக்குள் நுழையும்போது அதே பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் அது நிற்கும். வண்டியை அங்கேயே ஓரம் கட்டிவிட்டு வடிவு பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் நல்ல வேகத்தில் கார் ஓடிக்கொண்டிருந்தது. ஹாரனை அடித்தான். ஜன்னலில் வடிவின் முகம் தெரிந்தது. "முன்னால போய் நிக்கறேன்" என்று கையைக் காட்டிவிட்டுப் பஸ்ஸைத் தாண்டிப் போனான். அவள் என்னவோ சொன்னாள். அது அவன் காதில் விழவில்லை.

ஹனூர் ரோட்டில், வீடும் இல்லாத கடையும் இல்லாத ஒரு மேட்டில், கார் கடைசியாக நின்றது. இந்தத் தடவை புகைகூட வரவில்லை. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. அவன் பானெட்டைத் திறந்து குனிந்திருக்கும்போது, வடிவு மாறி ஏறி வந்த ஹனூர் பஸ் நிற்காமல் அவனைத் தாண்டிக்கொண்டு போயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது பின்பக்கம்தான் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவனுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது. சாவியை அதிலேயே விட்டுவிட்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தான். வருகிற வண்டிக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டான். கடைசியில் மக்காச்சோளம் ஏற்றிப் போன ஒரு டிராக்டர்க்காரன் இரக்கப்பட்டு நிறுத்தினான். மூட்டைகளுக்கு நடுவே நனைந்துகொண்டு போய் ஊர் முகப்பில் இறங்கினான்.

பொழுது இன்னும் சாயவில்லை. தெருவில் எதிரே ஆண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் தலையும் ஈரம். மழை ஈரம் என்று நினைத்தான். அவர்கள் இடுப்பில் ஈரத்துண்டைப் பார்த்த பிறகுதான், குளித்துவிட்டு வருகிறார்கள் என்று புரிந்தது.

செந்தில்நாதன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேற வழியில்லீங் மாமா. குழியில தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு. எங்கப்பன் பக்கத்துப் பஞ்சவர்ணம் பெரிம்மாதான் சொன்னாங்க, தம்பி வராட்டி தம்பி பொண்டாட்டி போத்தலாம்னு. அத்தை போத்திட்டாங்க. பொறந்தவூட்டுக் கோடி அம்மா மேல உழுந்திருச்சுங் மாமா. நீங்க மனசு விட்றாதீங்க."

பழனிமுத்து தலையை ஆட்டினான்.

"காரு எங்கீங் மாமா?" என்று அவன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ரோட்டுல நிக்குது" என்றான் இவன்.

ஒருவரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். வென்னீர் வைத்துக் கொடுத்தார்கள். அக்காள் மகனின் வேட்டியைக் கொடுத்தார்கள். கழுவிவிட்ட வாசலில் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். செந்தில்நாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செல்போனை எடுத்தான்.

"அம்மாளப் படம் எடுத்து வெச்சிருக்கறனுங். பாக்கறீங்களா மாமா?"

"வேண்டாங் கண்ணு." போனைப் பிடித்திருந்த கையை மெதுவாகத் தள்ளினான். "படத்துல வேண்டாம்."

வடிவு உள்ளே பெண்களோடு இருந்தாள். இனி இந்த மனுஷனோடு ஆயுசுக்கும் பேசுவதில்லை என்ற முடிவோடுதான் இருந்தாள். தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தவளை அவன் ஏறிட்டுப் பார்த்தான்.

"நீ சொல்லு வடிவு. மூஞ்சி எப்புடி இருந்துச்சு?"

அவள் நின்றாள். சொம்பைக் கீழே வைத்தாள். அவனுக்கு எதிரே ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"வெத்தலச் செவப்பு ஒதட்டுல அப்புடியே இருந்துச்சுங். நெத்தியில காசு வெச்சிருந்தாங்க. முடிய நல்லா வாரிப் பின்னால முடிஞ்சு உட்டிருந்தாங்க. மொகம் கொஞ்சம் எடது பக்கமாத் திரும்பியிருந்துச்சு."

"வாசப் பக்கமா?"

"ஆமாங்."

அவன் தெருவைத் திரும்பிப் பார்த்தான்.

"கோடிய எப்புடிப் போத்துன?"

"முடிஞ்ச மட்டும் கையில வெச்சுட்டு நின்னேன். எல்லாரும் என்ற மூஞ்சியவே பாத்தாங்க. அப்பறம் போத்துனேன். உங்க பேரச் சொல்லித்தான் போத்துனேன். 'அக்கா, உங்க தம்பி போத்தறாருங்க'ன்னு சொன்னேன்."

"சத்தமாச் சொன்னியா?"

"சத்தமாத்தானுங் சொன்னேன்."

பழனிமுத்து தலையை மெல்ல ஆட்டினான். மழைத் தண்ணீர் வாசலோரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொருக்காச் சொல்லு" என்றான். "மொகத்துலருந்து சொல்லு."

வடிவு வெற்றிலைச் சிவப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.