மூன்றாம் நிரலில் ஒரு பிஸ்கட் டின்

அமுதா அக்காவுக்கு வந்த கடிதத்தை மறைத்தவள் நான். தவறுதலாக அல்ல... தெரிந்தே.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குச் சொல்ல வரும். ஆகவே, நடந்தவை இவை:

1. அக்கரப்பத்தனைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த வேலாயுதம் முதலாளி, கொழும்பிலுள்ள மகனிடம் போவதற்காகக் கடையை விற்றார்.

2. வாங்கியவர் ஹட்டன்காரர். அதைக் கண்ணாடிக் கதவு போட்ட சுப்பர் மார்க்கெட் ஆக்குவது அவர் திட்டம். அவரிடம்தான் நான் கணினி வேலை பார்க்கிறேன்.

3. கடை கைமாறிய நாளில், உள்ளே இருந்ததையெல்லாம் பட்டியலிட்டேன். மூன்று நிரல்கள்: வைத்திருப்பது, விற்பது, அகற்றுவது.

4. மேசைக்கு அடியில் இருந்த பிஸ்கட் டின்னை மூன்றாம் நிரலில் சேர்த்தேன்.

5. அந்த டின்னுக்குள் அமுதா அக்காவின் கடிதம் இருந்தது.

எழுதிப் பார்த்தால் ஐந்து வரிகள். எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன! ஆனால் நான்காவது வரியைத் தாண்டி என்னால் அமைதியாக உட்கார முடிவதில்லை.

அந்த டின் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, தபால்காரர் ஏறி வருவதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையான லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரியும் கிடையாது. ஆகவே எங்கள் பெயருக்குக் கீழே ‘மே/பா வேலாயுதம் ஸ்டோர்ஸ்’ என்று எழுதுவோம். தபால் கடைக்கு வரும். முதலாளி டின்னில் போட்டு வைப்பார். டவுனுக்கு இறங்குகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். என்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அழைத்த கடிதமும் அந்த டின்னில் கிடந்துதான் என் கைக்கு வந்தது.

அப்படியிருந்தும் நான்...

வேலைக்கு விண்ணப்பித்தபோது நிரந்தர முகவரி என்ற இடத்தில், ஹட்டனில் நான் தங்கியிருக்கும் தோழி வீட்டு முகவரியை எழுதியிருந்தேன். சேர்ந்த முதல் மாதமே புது முதலாளி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: “லயத்துப் புள்ளைங்கள கவுண்டர்ல நிப்பாட்டலாம். சிஸ்டத்துல மட்டும் கைவைக்க வுடாதீங்க.” அன்றிலிருந்து நான் முழு ஹட்டன்காரி ஆனேன்.

வேலாயுதம் முதலாளிக்கு என்னைக் குழந்தையிலிருந்தே தெரியும். கடை கைமாறிய நாளில் நான் நுழைந்ததும் “அடடே” என்று வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். புது முதலாளியைப் பார்த்தார். பிறகு, “வாங்க மிஸ்” என்றார்.

மிஸ்! நான் லயத்தை மறைப்பதை அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது, “அந்த டின்ன மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க மிஸ். ஆளுங்க வந்து கேப்பாங்க” என்றார்.

அவர் போன பின்பு டின்னைத் திறந்தேன். மேலேயே அரசாங்கத்தின் பழுப்பு உறை. எஸ். அமுதா, ஐந்தாம் நம்பர் லயம். அதற்குக் கீழே இன்னொரு உறை... என் பெயர். அதே லயம்.

“என்ன அது?” என்று பின்னாலிருந்து கேட்டார் புது முதலாளி.

“பழைய பேப்பர், சார்.”

மூடினேன். மூன்றாம் நிரல். அவ்வளவுதான்!

லொறி அன்று வரவில்லை. அகற்ற வேண்டியவற்றை மூட்டை கட்டிப் பின்னறையில் போட்டார்கள். மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் என்னைப் பூண்டுலோயாவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு கடை கைமாறியிருந்தது, அங்கேயும் பட்டியல். மூன்று வாரம். அப்பாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்: “பின்னறையில் டின் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.” ஏன் செய்யவில்லை? அப்பா போய் நின்றால், யாருடைய அப்பா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு நாளும் கைபேசியை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் வைத்தேன்.

திரும்பி வந்தபோது மூட்டை அப்படியே கிடந்தது. கடிதங்களை எடுத்துப் பழுப்பு உறையைப் பிரித்தேன். ஆசிரியர் உதவியாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வு. திகதி, நான்கு நாட்களுக்கு முன்பு முடிந்துபோயிருந்தது.

அமுதா அக்கா எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பரா. பகலில் கொழுந்து எடுப்பாள். மாலையில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். சாதாரண தரப் பரீட்சைக்கு எனக்குக் கணக்கும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். அந்தப் பதவிக்கு வயதெல்லை உண்டு. இந்த ஆண்டோடு அவளுக்கு அது முடிகிறது.

மற்றக் கடிதங்களை அப்பாவிடம் கொடுத்து, மூட்டையில் கிடந்ததாகச் சொன்னேன். ஒரு கல்யாணப் பத்திரிகை, என் பெயருக்கு வந்திருந்த வங்கிக் கடிதம்... தாமதமானாலும் யாருக்கும் நட்டமில்லாதவை. அவளுடையதை மட்டும் கொடுக்கவில்லை. இதைக் கவனியுங்கள். பாதிப்பில்லாததையெல்லாம் ஒப்படைத்த நான், பாதித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை, லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளே கேட்டாள்.

“ஏன்டி ரஞ்சி, கட மூடுன அன்னைக்கு நீதான இருந்த? எனக்கு ஏதும் கடுதாசி வந்துச்சா?”

“இல்லக்கா.”

“சரி வுடு. கவுருமெண்டுக்கு என்னைய புடிக்கல போல. என்னையப் பொண்ணு பாக்க வந்தவனுங்களே தேவல, வேணாமுன்னாவது சொல்லிட்டுப் போனானுங்க!”

சிரித்தாள். நானும் சிரித்தேன். எப்படி முடிந்தது என்னால்?

பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: “ஒங்க புது மொதலாளிக்கிட்ட சொல்லி, அங்கயும் ஒரு டின்னு வைக்கச் சொல்லுடி. இங்க உள்ளவங்க கடுதாசிக்கு எங்க போவாங்க?”

சொல்கிறேன் என்றேன்.

சில வேளை எனக்கு நானே வாதாடுகிறேன். போயிருந்தாலும் தெரிவாகியிருப்பாளா, யார் கண்டது? ஆனால் தெரிவாகாமல் போகும் உரிமையும் அவளுடையது அல்லவா? அதையும் நான்தானே மூட்டை கட்டினேன்...

இப்போதைய நிலை இது. கடை திறந்துவிட்டது. அங்கே யாருடைய கடிதத்தையும் வாங்கி வைப்பதில்லை. டின் வைக்கச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. அலுவலகத்தில் என் முகவரி இன்னும் ஹட்டன். பழுப்பு உறை என் சான்றிதழ்க் கோப்பில், கணக்கில் நான் ‘ஏ’ சித்தி பெற்ற பரீட்சைச் சான்றிதழுக்குப் பின்னால் இருக்கிறது. நாளை காலையும் அமுதா அக்கா கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறுவாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.