கடலைக் கூடையும் கரி பஸ்ஸும்

மதலேனம்மாள் கடலை விற்றுப் பிழைத்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். விற்றது கடலை, ஆனால் கண் ஒருநாளும் கடலையில் இருந்ததில்லை. அவித்த கடலைக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தி எங்கே உட்கார்ந்தாலும், ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வசதிக்காகவே அவள் இந்தத் தொழிலைப் பிடித்தாள் என்று ஏலாக்குறிச்சியில் ஒரு பேச்சு உண்டு.

அவள் பார்த்தது மாப்பிள்ளைகளை. பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில் சம்பந்தப் பேச்சு தொடங்கியதுமே, "மதலேனம்மா ஒரு நட போயிப் பாத்துட்டு வரட்டும்" என்பார்கள். பெண் பார்க்க வருகிற அன்று எல்லா மாப்பிள்ளையும் தங்கம்தானே! தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்த பலகாரத்தில் பாதியை மிச்சம் வைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அவனை நாலு பேர் புழங்குகிற இடத்தில் பார்க்கவேண்டும் என்பது அவள் கட்சி.

அதற்கென்று மூன்று இடங்களைப் பொறுக்கி வைத்திருந்தாள். ஒன்று, அரியலூர் ஸ்டேஷன் தண்ணீர்க் குழாய். ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் எல்லாருக்கும் தாகம். கைக்குழந்தைக்காரிக்கு வழி விடுகிறானா, முழங்கையால் இடிக்கிறானா என்பது அங்கே தெரிந்துவிடும். இரண்டு, சந்தையில் கீரைக்காரிக்கு எதிர்ப்பக்கம்; பேரம் பேசுகிற வாயை அங்கே பார்க்கலாம். மூன்றாவதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது: மாதா கோயில் வாசலில், பூசை முடிந்து செருப்புத் தேடுகிற நேரம். அதுவரை கைகூப்பி நின்றவன், ஒற்றைச் செருப்பைக் காணோம் என்றதும் யாரை ஏசுகிறான் என்று பார்த்தால் போதும் என்பாள்.

இந்தப் பைத்தியம் அவளுக்குச் சும்மா பிடிக்கவில்லை. அவள் புருஷன் சவரியார் பெண் பார்க்க வந்த அன்று எறும்பைக்கூட மிதிக்காமல் நடந்தவர். கல்யாணமான நாலாம் நாள், சோற்றில் கல் கிடந்ததென்று வெண்கலத் தட்டைத் தூக்கி அவள் நெற்றியில் எறிந்தார். பன்னிரண்டு வருஷம் அப்படியே போயிற்று. அவர் காய்ச்சலில் கண்ணை மூடியபோது அவள் அழுதது ஊருக்காகத்தான். அவருடைய குணம் சந்தையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போய்க் கேட்கத்தான் அவள் பக்கத்தில் ஆள் இல்லை. நெற்றித் தழும்பைத் தடவும்போதெல்லாம், என் மகள் மரிய புஷ்பத்துக்கு இது நடக்கக் கூடாது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்தப் புஷ்பத்துக்குத்தான் திருமானூரிலிருந்து சவரிராஜ் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரைப் பேசினார்கள். ஊரார் வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு தடவை பார்ப்பவள், இவனுக்கு மூன்று இடத்திலும் கூடையோடு போய் உட்கார்ந்தாள். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. குழாயடியில் கடைசி ஆளாகக் குடித்தான். கீரைக்காரியை அக்கா என்றான். செருப்பு காணாமல் போனபோது சிரித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான். மதலேனம்மாள் சரி என்றாள்; கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இரண்டு ஓலை முடிந்தது.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, கீழப்பழுவூரில் சின்னம்மா மகள் வீட்டிலிருந்த மதலேனம்மாள், கல்யாணத் துணி எடுக்க அரியலூருக்கு பஸ் ஏறினாள். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி டிரம்மைக் கட்டிக்கொண்டு, அந்தப் புகையிலேயே ஓடுகிற பஸ். சமதரையில் ஓடும், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். கூடை இல்லாமல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தவள், நாலு சீட்டுக்கு முன்னால் சவரிராஜின் பின்னந்தலையைக் கண்டுகொண்டாள்.

வழியில் ஒரு மேட்டில் பஸ் நின்றது. ஆம்பிளைகள் எல்லாரும் இறங்கினார்கள். இவன் இறங்கவில்லை. பல் போன ஒரு பெரியவர்கூட வேட்டியை மடித்துக்கட்டித் தள்ளினார். தள்ளிக்கொண்டே ஜன்னல் பக்கம் கத்தினார்: "வாத்தியாருக்குக் கையி நோவுதோ? ஐயா வூட்டுல பல்லக்கு வச்சிருந்தாங்களோ?"

சவரிராஜ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வெளியே காட்டைப் பார்த்தபடி கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தான்.

மதலேனம்மாளின் கை நெற்றித் தழும்புக்குப் போயிற்று. கிழவன் தள்ளுகிற வண்டியில் உட்கார்ந்து வருகிறவன், நாளைக்குப் பெண்டாட்டி தலையில் எதைத்தான் ஏற்றமாட்டான்? ஓலையை நிறுத்தினால் புஷ்பத்தின் பேர் கெடும், இனிமேல் யாரும் கேட்டு வரமாட்டார்கள். நிறுத்தாவிட்டால் அவள் நெற்றியிலும் ஒரு தழும்பு விழும். அரியலூர் வருவதற்குள் அவள் முடிவு பண்ணிவிட்டாள். துணியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இதே பஸ்ஸில் திரும்பி, பொழுது சாய்வதற்குள் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட வேண்டியது.

அரியலூரில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவள் இறங்கவில்லை. என்ன அதிசயம், அவனும் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் செல்லக்கண்ணு ஓடி வந்தான்.

"சார், தையக்கடையில ஊசி நூல் வாங்கியாந்துட்டேன். என் துண்டக் கட்டிக்கிட்டு வேட்டிய அவுருங்க."

"மெதுவாப் பேசுப்பா. பின்னால யாரோ இருக்காங்க."

"அந்தம்மா தூங்குது சார். நீங்க என்ன திருடிட்டா வந்தீங்க? திருமானூரத் தாண்டுனதும் வண்டி நின்னுச்சே, அப்ப மொத ஆளா குதிச்சுத் தள்ளுனது நீங்கதானே. டிரம்முக் கொக்கி வேட்டியில மாட்டி இடுப்புலேருந்து முழங்காலு வரைக்கும் கிழிச்சிருச்சு. அந்தப் பெரியவரு அப்புறம் கீழப்பழுவூர்ல ஏறுனவரு, அவருக்கு என்ன தெரியும்? அவரு ஏசுறப்ப நான் சொல்ல வந்தேன். நீங்கதான் வேணாம்னு கண்ணக் காட்டிட்டீங்க."

"பொம்பளைங்க இருக்கிற வண்டியிலயா அதச் சொல்லுவ? ஏசுனா ஏசிட்டுப் போறாரு."

மதலேனம்மாளும் கீழப்பழுவூரில் ஏறினவள்தானே! அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. அடைக்கல மாதாவே, என் வாயைக் காப்பாத்துனியே என்று மனசுக்குள் கும்பிட்டாள். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

முன்னால் அவன் வேட்டியைத் தைப்பதாக நினைத்துக்கொண்டு விரலைத் தைத்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போனாள்.

"இப்படிக் குடுங்க தம்பி, நான் தைக்கிறேன்."

"அத்தை!" சவரிராஜ் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டான். மாமியார் முன்னால் சட்டையும் கண்டக்டர் துண்டுமாக உட்காருவதைவிடப் பஸ்ஸைத் தனியாளாக அரியலூர்வரை தள்ளியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். செல்லக்கண்ணு வேட்டியை வாங்கி அவளிடம் கொடுத்தான். அவள் அவனைப் பார்க்காமல் தைத்துக்கொண்டே உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"தப்பா நெனச்சிட்டேன் தம்பி. நாளைக்கு ஓலைய நிறுத்தச் சொல்லணும்னுதான் எறங்காம உக்காந்திருந்தேன்."

அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடுறேன் அத்தை. நீங்க கூடையோட வருவீங்கன்னு எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். ஏலாக்குறிச்சியில பொண்ணு எடுக்கணும்னா குழாயடியில கடைசியா குடி, கீரைக்காரிகிட்ட பேரம் பேசாத, செருப்பு போனா சிரின்னு கூட்டாளிங்க சொல்லிக் குடுத்துத்தான் அனுப்புனாங்க. அந்தச் செருப்பு புதுச்செருப்பு. வயிறு எரிஞ்சிச்சு."

ஊசி நின்றது. இத்தனை வருஷம் ஒளிந்திருந்து பார்க்கிறோம் என்று நினைத்தவளை, ஜில்லாவே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது! அவள் சரி சொன்னவர்களில் இரண்டு பேருக்குக் கல்யாணத்துக்குப் பின்னால் வேஷம் கலைந்ததே, அதற்குக் காரணம் இப்போது விளங்கியது. அவள் பார்த்த மூன்றும் கணக்கில் சேராது. அவள் இல்லாத நேரத்தில், அவளை நினைக்காமல், அவன் குதித்துத் தள்ளினானே, அது ஒன்றுதான் மிச்சம். அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. நூலை இரட்டையாக மடித்துக் கெட்டியாகத் தைத்தாள்.

பிறகு இறங்கிப்போய் ரேஷன் கூப்பனைக் கொடுத்துப் புடவை எடுத்தாள். மாப்பிள்ளை வேட்டியை மட்டும் இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது.

மறுநாள் கோயிலில் மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்து நிறுத்தினார். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், கோயிலே திரும்பி மதலேனம்மாளைப் பார்த்தது. எல்லார் மாப்பிள்ளையையும் பார்த்தவள் தன் மாப்பிள்ளையைப் பற்றி என்ன சொல்லப்போகிறாள்? அவள் முக்காட்டைச் சரிசெய்து, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். சாமியார் அடுத்த ஓலையை எடுக்கும்வரை திறக்கவே இல்லை.