கம்ப்யூட்டர் கேட்ட பிள்ளையார் பாட்டு

எண்பத்தாறோ எண்பத்தேழோ, வருடம் சரியாக நினைவில்லை. மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் லீவில் தேனிக்கு வந்திருந்தான். நாங்கள் அப்போது அல்லிநகரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. நான் டிகிரி முடித்துவிட்டு, டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் பண்ணிவிட்டு, வீட்டில் எல்லோரையும் கேள்வி கேட்டுப் படுத்திக்கொண்டிருந்தேன். எதையும் குடைந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

அண்ணன் பெட்டியிலிருந்து சேலை, சென்ட், டார்ச் லைட் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் துண்டில் சுற்றிய ஒரு சாமானை எடுத்தான். கம்ப்யூட்டராம். இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். டைப்ரைட்டரில் எழுத்துப் பலகையை மட்டும் தனியே கழற்றி எடுத்தது போல இருந்தது, அவ்வளவுதான். திரைக்கு எங்கள் வீட்டு டி.வி. புரோகிராம் இருந்தது சாதாரணப் பாட்டுக் கேசட்டில். டேப் ரெக்கார்டரின் இயர்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகி, கேசட்டை ஓடவிட வேண்டும். டி.வி.யின் ஓரங்களில் கலர் கலராகக் கோடுகள் ஓடும். சில நிமிஷம் பொறுமையாக இருந்தால் புரோகிராம் ஏறிவிடும். ‘இன்ஸ்டால்’ என்று இன்று சொல்கிறோமே, அதற்கு அன்று எங்கள் வீட்டில் ‘டேப்பு ஏத்துறது’ என்று பெயர்.

வந்த சந்தோஷம் அடங்குவதற்குள் அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். திரும்பிப் போகப் போவதில்லையாம். இங்கேயே கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பிக்கப் போகிறானாம்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். “அங்கன நல்ல வேலைய விட்டுப்புட்டு, இங்கன டி.வி. காட்டிக்கிட்டு இருக்கப் போறியா? ஊரு சிரிக்காது?” என்று குதித்தார். மதினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் மகளுக்கு நாலு வயது. அதற்கு அப்பா என்றால் வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியோடு வருகிற ஆள். அது அண்ணனிடம் ஒட்டாமல் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஒரு சமாதானம் ஆயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைவீதியிலிருந்து அப்பாவுக்கு வேண்டிய வியாபாரிகள் சிலரைக் கூப்பிடுவது, அண்ணன் அவர்களுக்குக் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டுவது. அவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் மஸ்கட் டிக்கெட்தான்.

அதில் ஒரு சிக்கல். அண்ணன் வைத்திருந்த புரோகிராமில் எல்லாம் இங்கிலீஷ். “இங்கிலீஷ்ல ஓடுனா எனக்கென்னடா தெரியும், வர்றவுகளுக்குத்தான் என்ன தெரியும்?” என்றார் அப்பா. நியாயம்தானே? அண்ணனோடு மஸ்கட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கம்பத்துக்காரர். அவரும் லீவில் வந்திருந்தார். அதே புரோகிராமில் தமிழ் எழுத்து வருகிற புதுக் கேசட் அவரிடம் இருந்தது. அது அவருக்கும் இரவல், திரும்ப எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டியது. ஒரு நாள் அவர் தேனிக்கு வந்தபோது, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துக் காப்பி எடுத்தோம். அசலை அவர் கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

காப்பியைக் கொண்டுவந்து போட்டால் ஏறவில்லை.

டி.வி. ஓரத்தில் கோடுகள் ஓடின, நடுவில் ஒன்றும் வரவில்லை. அண்ணன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தான். ஒயரை மாற்றினான். சத்தத்தைக் கூட்டினான், குறைத்தான். பம்புசெட் ஓடுகிற நேரத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கிவிடும் என்பதால் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினான். பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரைக் கடன் வாங்கிப் பார்த்தான். எதற்கும் அது மசியவில்லை. பழைய கேசட்டைப் போட்டால் மட்டும் சமர்த்தாக ஏறியது. “இந்த மெஷினுக்கு புதுசு தாங்காது போல” என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அவன் படுக்கப் போன பிறகு நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கேசட்டுக்குள் என்னதான் இருக்கிறது? இயர்போன் ஓட்டையில் ஒயரைச் செருகினால் டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஆகவே நாங்கள் யாரும் அதைக் காதால் கேட்டதே இல்லை. ஒயரைச் செருகாமலே கேசட்டைப் போட்டுப் பட்டனை அமுக்கினேன்.

வீடு அதிரப் பிள்ளையார் பாட்டு!

அம்மா அடுப்படியிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தாள். அண்ணன் பாயிலிருந்து துள்ளி எழுந்தான். இத்தனை நாளாக எங்கள் கம்ப்யூட்டர் பக்தியோடு பிள்ளையார் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

பாட்டு முடிந்ததும் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அதுதான் புரோகிராம். அந்த இடத்திலிருந்து ஏற்றிப் பார்த்தோம், அப்போதும் ஏறவில்லை. நான் விடவில்லை. பழைய கேசட்டையும் போட்டுக் காதால் கேட்டேன். அதில் எடுத்த எடுப்பிலேயே விசில் அடித்த மாதிரி கூர்மையாக ஆரம்பித்தது. புதியதிலோ சத்தம் எங்கிருந்தோ மெல்ல மெல்ல நடந்து வந்தது. வந்த பிறகும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கத்துகிற மாதிரி இருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு அண்ணனும் நானும் ரெக்கார்டிங் சென்டருக்கு ஓடினோம்.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, சுத்தமான ஆள். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

“தங்கச்சி, எங்கடையிலருந்து எந்தக் கேசட்டு போனாலும் மொதல்ல பிள்ளையார் பாட்டுத்தான். அது இல்லாம நான் ஒண்ணுகூட ஆரம்பிச்சதில்ல” என்றார். “அதுக்கப்பறம் ஓடவிட்டா ஒரே கீச்சு, காது கிழியுது. கேசட்டு கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சு, ட்ரெபிள எறக்கி, பேஸ ஏத்தி, சவுண்ட மெல்லமாத் தூக்கி, மனுசன் கேக்குற மாதிரி ஆக்கிக் குடுத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க ஒக்காந்து பாத்த வேலை தங்கச்சி அது.”

அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பாவம், எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தானே செய்திருக்கிறார். பாட்டு ரசிக்கிற மனிதர் பாட்டுக்குச் செய்கிற மரியாதையை அதற்கும் செய்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ அந்தக் கீச்சு மட்டும்தான்.

அசல் வைத்திருந்த நண்பர் மறுநாள் சாயங்காலம் குமுளி வழியாகக் கேரளா போய் விமானம் ஏறுகிறார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து காப்பி எடுத்தால்தான் உண்டு, அதற்கு இன்னொரு நல்ல டேப் ரெக்கார்டர் வேண்டும். அண்ணன் தயங்கிக்கொண்டு நின்றான். கடைக்காரரே சொன்னார்: “என் கையால கெட்டது, என் கையாலயே சரியாகட்டும். நாளைக்கு நான் வர்றேன்.” மறுநாள் முகூர்த்த நாள். கல்யாண வீடுகளுக்குக் கொடுக்க வேண்டிய கேசட்டுகள் மேஜையில் அடுக்கி இருந்தன. சனிக்கிழமை காலையில் அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே உசத்தியான டேப் ரெக்கார்டரைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். வீரபாண்டி தாண்டியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏண்ணே, நெசமாச் சொல்லு. ஒனக்கு ஏன் அங்க போகப் பிடிக்கல?”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

“ஒரு தடவ காய்ச்சல்ல கெடந்தேன். ரூம்ல இருக்கவங்க காலைல வேலைக்குப் போனா சாயங்காலந்தான் வருவாங்க. அது வரைக்கும் தண்ணி வேணுமான்னு கேக்க ஆளு கெடையாது. அப்பறம் ஒடம்பு சரியாச்சு, ஆனா அந்தப் பயம் போகல. அதுக்கப்பறந்தான் இந்த மெஷின வாங்குனேன். நான் ஒண்ணு அடிச்சா, தப்போ சரியோ, இது ஒரு பதிலு சொல்லும்ல?”

“இத ஏன் வீட்ல சொல்லல?”

“சொன்னா அம்மா அழுகும். அப்பாகிட்ட சொன்னா, ‘ஊரு ஒலகத்துல எல்லாரும் போகலயா’ம்பாக. யாரும் கேக்கவும் இல்ல, நானும் சொல்லல.”

வீட்டில் வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறவள் நான். சென்ட் பாட்டில் விலை முதல் விமானத்தில் என்ன சாப்பாடு என்பது வரை கேட்டிருந்தேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

கம்பத்தில் நண்பர் வீட்டில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நண்பரின் அம்மா ஒரு தட்டு நிறைய திராட்சை கொண்டுவந்து வைத்தார். கடைக்காரர் தன் டேப்பையும் அந்த வீட்டு டேப்பையும் ஒயரால் இணைத்தார். “பாட்டு இல்லாம ஆரம்பிக்கிறேன், கோவிச்சுக்காதப்பா” என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத் தலையில் குட்டிக்கொண்டார். பிறகு பட்டனை அமுக்கினார். கீச்சென்று அது ஆரம்பித்ததும் அவருடைய கை தன்னால் ட்ரெபிள் திருகுக்குப் போயிற்று.

“அண்ணே!” என்றேன்.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அது மறுபடியும் போய்விடும் என்று அவருக்கே பயம் போலிருக்கிறது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். “என்னய்யா இது, ஆட்டப் பிடிச்சு அமுக்குன மாதிரி கத்துது?” என்று நண்பரின் அம்மா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒலியைச் செதுக்கிச் செதுக்கியே பழகிய மனிதர், முடிகிற வரைக்கும் எதையும் தொடாமல் அந்த அலறலை முழுசாகக் கேட்டு முடித்தார். முடிந்ததும் அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்க்கலாம் என்றால் கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கூப்பிட்ட வியாபாரிகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்தது. கூப்பிடாமலே கடைக்காரரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கதவோரம் நின்றார். கோடுகள் ஓடின. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. கோடுகள் நின்றன, திரை ஒரு கணம் இருண்டது. பிறகு டி.வி. முழுக்கப் பெரிதாக ‘வணக்கம்’ என்று தமிழில் வந்தது. கடைக்காரர் கைதட்டியே விட்டார்.

வந்தவர்களில் ஒருவர், இதில் வத்தல் விலை வருமா என்று கேட்டார். இன்னொருவர் தன் மகளை அனுப்புவதாகச் சொன்னார். காபி குடித்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஓடுது. சரி. அதுக்காக இத நம்பி அந்த வேலைய விட முடியுமாடா?” என்றார் அப்பா.

அண்ணன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “அப்பா, இந்த மெஷின் ஓடுதா ஓடலையான்னு இத்தன நாளா எல்லாரும் பாத்தோம். அண்ணன் ஏன் போகமாட்டேங்குதுன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீகளா?” என்று கத்திவிட்டேன். அப்பாவிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டவர் வெளியே போகாமல் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏலே, அங்கன என்னடா கஷ்டம்?”

அண்ணன் சொன்னான். பஸ்ஸில் என்னிடம் சொன்னதையும், என்னிடம் சொல்லாததையும் சொன்னான். மதினி அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டாள். அப்பா எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் மண்டியில் சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மண்டியை ஒட்டியிருக்கிற அறையில் இருக்கும் மூட்டைகளை எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார் முதலாளி, அங்கே கரண்டு பிளக் எங்கெங்கே வேண்டுமென்று அண்ணனைக் கேட்டுவரச் சொன்னார் என்றார்கள்.

அந்த அறையில் வத்தல் நெடி போகவே பல மாதம் ஆயிற்று. தும்மிக்கொண்டேதான் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் போனில் அப்டேட் நடுவில் நின்றுபோனால் அதைச் சரிசெய்யப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் தலையிடுவதில்லை. ஆனால் வீட்டில் யாராவது காரணம் சொல்லாமல் முரண்டு பிடித்தால் மட்டும், அவர்களைத் திருத்தத் துடிக்கிற என் கைகளைக் கொஞ்சம் அடக்கி வைத்துவிட்டு, காதுக்கு இனிமையாக இல்லாவிட்டாலும் அவர்கள் சொல்வதை முதலில் முழுசாகக் கேட்டுவிடுகிறேன்.